உகி நான்கு கூறு வினை: விளைச்சல் 40 சதவீதத்தைத் தாண்டவில்லை, மாஸில் 276, 427 பீக்குகள்

பென்சைல்07 கேட்டது:

வணக்கம். பென்சால்டிஹைடு, பென்சைலமீன், அசிட்டிக் அமிலம், சைக்ளோஹெக்சைல் ஐசோசயனைடு நான்கையும் ஒரே குடுவையில் போட்டுச் செய்யும் உகி வினை. மாடல் ரியாக்‌ஷன், கண்ணை மூடிக்கொண்டு செய்யலாம் என்றுதான் எல்லாரும் சொல்கிறார்கள். விளைச்சல் 40 சதவீதத்துக்கு மேல் ஏறவே மாட்டேன் என்கிறது.

2 மில்லிமோல் அளவில் செய்கிறேன். பென்சால்டிஹைடு 0.20 மி.லி., பென்சைலமீன் 0.22 மி.லி., அசிட்டிக் அமிலம் 0.115 மி.லி., ஐசோசயனைடு 0.25 மி.லி. மெத்தனால் 20 மி.லி. நான்கையும் ஒன்றன்பின் ஒன்றாக உடனுக்குடன் சேர்த்து, அறை வெப்பநிலையில் 24 மணி நேரம் ஸ்டிரரில் விடுகிறேன். பிறகு மெத்தனாலை ரோட்டாவேப்பில் (வெற்றிட ஆவியாக்கியில்) எடுத்துவிட்டு நேரே சிலிக்கா காலம் (பிரிப்புக் குழாய்).

டி.எல்.சி.யில் (மெல்லடுக்குத் தகட்டில்) நான்கு புள்ளி. எல்.சி.எம்.எஸ்.ஸில் (பிரித்து மூலக்கூறு எடை பார்க்கும் கருவியில்) 365, 387 (இவை என் பொருள்), கூடவே 276, 298, 196, 427. கொஞ்சம் 337-ம் தெரிகிறது. காலம் போட்டு எடுத்த பொருளின் புரோட்டான் என்.எம்.ஆரில் சில பீக்குகள் இரண்டிரண்டாக வருகின்றன. இன்னும் அசுத்தம் இருக்கிறதா, வேறு ஏதாவதா என்று புரியவில்லை.

லேபில் சிலர் இண்டியம் குளோரைடு போடு என்கிறார்கள், சிலர் மைக்ரோவேவில் வை என்கிறார்கள். எதில் தொடங்குவது?

---

சிலிக்கா60:

உங்கள் மாஸ் ஸ்பெக்ட்ரத்திலேயே பதில் முழுக்க இருக்கிறது. ஒவ்வொரு எண்ணும் குடுவையில் எது எதோடு சேர்ந்தது என்று சொல்கிறது.

நான்கு கூறுகளின் மூலக்கூறு எடை 106, 107, 60, 109. எல்லாம் சேர்ந்து ஒரு தண்ணீர் போனால் 364.5. அதில் ஒரு புரோட்டான் ஏறியதுதான் 365 (மற்ற எண்களுக்கும் இதே கணக்கு), சோடியம் சேர்ந்தால் 387. சரி.

196 என்பது மிச்சம் நிற்கும் இமின், அதாவது ஆல்டிஹைடும் அமீனும் சேர்ந்து தண்ணீர் போன இடைப்பொருள்.

276, 298: அமீனே சேராத பொருள். ஆல்டிஹைடு, அமிலம், ஐசோசயனைடு மூன்று மட்டும் சேர்ந்தால் 275.3. இது பாசெரினி வினை. 1921-இல் மாரியோ பாசெரினி கண்டது, உகி வினைக்கு 38 வருடம் மூத்தது. இமின் ஆகாத ஆல்டிஹைடு குடுவையில் இருக்கும்போதே அமிலமும் ஐசோசயனைடும் உள்ளே போனால் இது நடந்தே தீரும்.

337: இமினும் ஐசோசயனைடும் சேர்ந்து உருவாகும் நைட்ரிலியம் அயனியை அசிட்டேட்டுக்குப் பதிலாக மெத்தனால் பிடித்துக்கொண்டது. 195 + 109 + 32. இதையே தண்ணீர் பிடித்திருந்தால் 323 வந்திருக்கும்.

427: அசிட்டிக் அமிலம் இருக்க வேண்டிய இடத்தில் பென்சாயிக் அமிலம் போய் உட்கார்ந்த உகி பொருள். நீங்கள் பென்சாயிக் அமிலம் போடவில்லை. ஆகவே அது ஆல்டிஹைடு பாட்டிலிலிருந்து வந்தது.

ஆக இரண்டு கோளாறு வினையை நடத்திய விதத்தில், ஒன்று பாட்டிலில். கேட்டலிஸ்ட் இதில் எதையும் சரி செய்யாது.

முதலில் வரிசை. அமீனையும் ஆல்டிஹைடையும் மட்டும் மெத்தனாலில் சேர்த்து 30 முதல் 60 நிமிடம் விடுங்கள். இமின் ஆகிவிட்டதா என்று டி.எல்.சி.யில் பார்க்காதீர்கள். சிலிக்கா மேல் இமின் உடைந்து ஆல்டிஹைடு புள்ளி காட்டும், வினை நடக்கவில்லை என்று ஏமாறுவீர்கள். இரண்டு சொட்டு எடுத்து மெத்தனாலை ஆவியாக்கி, குளோரோஃபார்ம்-டியில் புரோட்டான் எடுங்கள். 10.0 பி.பி.எம்.மில் ஆல்டிஹைடு பீக் போய், 8.4 அருகில் ஒரு சிங்கிளெட்டும் 4.8 அருகில் ஒரு சிங்கிளெட்டும் வந்திருந்தால் இமின் முழுதாக ஆகிவிட்டது. அதற்குப் பிறகு அமிலம், பத்து நிமிடம் கழித்து கடைசியாக ஐசோசயனைடு. இமினைத் தனியாகப் பிரித்தெடுக்கவில்லை, அதே குடுவையில்தான் எல்லாம் நடக்கிறது. எனவே இப்படிச் செய்தால் நான்கு கூறு வினை ஆகாது என்று யாராவது வாதாடினால் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

அடுத்தது அடர்த்தி. உங்கள் முக்கியமான கோளாறு இதுதான் என்பேன். 2 மில்லிமோலுக்கு 20 மி.லி. என்றால் 0.1 மோலார். தூய மெத்தனால் கிட்டத்தட்ட 24.7 மோலார். அதாவது நைட்ரிலியத்தைச் சுற்றி ஒரு அசிட்டேட்டுக்கு 250 மெத்தனால் நிற்கிறது. அசிட்டேட் நல்ல நியூக்ளியோஃபைல்தான், ஆனாலும் அந்தக் கூட்டத்தில் ஒன்றிரண்டு மெத்தனால் முந்திக்கொள்ளும். 1 மோலாரில் செய்தால் இதே விகிதம் 25-க்கு ஒன்று. வேகமும் கூடும், ஏனென்றால் இமின் உருவாவதும் ஐசோசயனைடு சேர்வதும் இரண்டிரண்டு மூலக்கூறு சந்திக்க வேண்டிய படிகள். உகி வினையை 0.5 முதல் 2 மோலார் வரை வைத்துத்தான் செய்ய வேண்டும். மற்ற வினைகளில் நீர்த்தால் சுத்தமாக வரும் என்ற பழக்கம் இங்கே எதிராக வேலை செய்கிறது.

இமின் உருவாவது, புரோட்டான் ஏறுவது எல்லாம் முன்னும் பின்னும் போகும் சமநிலைகள். கடைசியில் அசைல் தொகுதி ஆக்சிஜனிலிருந்து நைட்ரஜனுக்குத் தாவும் மம் மறுசீரமைப்பு மட்டும் திரும்பி வராது. குடுவையிலுள்ள எல்லாவற்றையும் அதுதான் தன் பக்கம் இழுக்கிறது. அதற்கு முன்னால் பொருள் வேறு வழியில் கசியாமல் பார்த்துக்கொள்வதுதான் நம் வேலை.

5 மில்லிமோலுக்குக் கணக்கு இது. 25 மி.லி. உருண்டை அடிக் குடுவை, மெத்தனால் 5 மி.லி., பென்சால்டிஹைடு 0.51 மி.லி., பென்சைலமீன் 0.55 மி.லி., 45 நிமிடம். அசிட்டிக் அமிலம் 0.29 மி.லி., 10 நிமிடம். ஐஸ் பாத்தில் வைத்து ஐசோசயனைடு 0.62 மி.லி. சொட்டுச் சொட்டாக, ஐந்து நிமிடத்தில். பிறகு ஐஸை எடுத்துவிட்டு ஓர் இரவு. எல்லாமே 1.0 ஈக்விவலண்ட் (சம மோல்). முழு விளைச்சல் என்றால் 1.82 கிராம், அதில் 75 முதல் 90 சதவீதம் எதிர்பார்க்கலாம். 50 மில்லிமோலுக்குப் போகும்போது ஐஸ் பாத் கட்டாயம். வெப்பம் நன்றாகவே வெளிவரும், மெத்தனால் கொதித்து மேலே வரும்.

அமீனைக் கொஞ்சம் அதிகமாகப் போட்டால் இமின் நன்றாக ஆகும் என்று தோன்றும். போடாதீர்கள். மிச்ச அமீன் அமிலத்தின் புரோட்டானைப் பிடித்து வைத்துக்கொள்ளும், இமினுக்குப் புரோட்டான் கிடைக்காமல் வினை இழுக்கும். அமீன் ஹைட்ரோகுளோரைடு உப்பிலிருந்து தொடங்குபவர்களுக்கும் இதே கதை. ட்ரைஎத்திலமீன் சரியாக 1.0 ஈக்விவலண்ட், அதற்கு மேல் ஒரு சொட்டும் வேண்டாம்.

---

ஹூட்பக்கம்:

427 பத்தி மேல சொன்னது நூத்துக்கு நூறு சரி. அந்த பென்சால்டிஹைடு பாட்டில் மூடியைத் திறந்து கழுத்தைப் பாருங்க. வெள்ளையா படிகம் ஒட்டியிருந்தா அதுதான் பென்சாயிக் அமிலம். படிகம் இல்லேன்னாலும் கரைஞ்சு உள்ளே இருக்கும். 1 மி.லி. எடுத்து 10 சதவீத சோடியம் கார்பனேட்ல குலுக்கி, தண்ணி அடுக்கைப் பிரிச்சு, அதுல எச்.சி.எல். விட்டுப் பாருங்க. வெள்ளையா விழுந்தா சந்தேகமே வேண்டாம்.

சுத்தம் பண்றதுக்கு: 10 சதவீத சோடியம் கார்பனேட்ல குமிழி நிக்கிற வரைக்கும் கழுவணும். பிரி புனல்ல மூடி போட்டு உடனே குலுக்காதீங்க, வாயு சேர்ந்து மூடியைத் தள்ளும், அடிக்கடி திறந்து விடணும். அப்புறம் தண்ணி, மெக்னீசியம் சல்ஃபேட், குறைஞ்ச அழுத்தத்துல வடிப்பு. 10 மி.மீ. பாதரச அழுத்தத்துல 62 டிகிரி பக்கம் வரும். வடிக்கும்போது ஒரு சிட்டிகை ஹைட்ரோகுவினோன் போடலாம். வடிச்சதைச் சின்னச் சின்ன வயல்ல நைட்ரஜன் கீழ அடைச்சு ஃப்ரிட்ஜ்ல வைங்க. பெரிய பாட்டில்ல வெச்சா திறக்குறப்போ எல்லாம் காத்து போகும், திரும்ப அதே நிலைமைதான்.

பென்சைலமீனும் சும்மா இல்லை. காத்துல இருக்கிற கார்பன் டை ஆக்சைடைப் பிடிச்சு வெள்ளைப் பொடியா மூடியில ஒட்டும். அப்படி இருந்தா நீங்க அளந்த 0.55 மி.லி.ல நிஜமான அமீன் குறைவுதான். குறைஞ்ச அமீன்னா மிச்ச ஆல்டிஹைடு, மிச்ச ஆல்டிஹைடுன்னா பாசெரினி. பொட்டாசியம் ஹைட்ராக்சைடு மேல வெச்சு வடிச்சுக்கோங்க.

அடுத்து நாத்தம். யாரும் எழுதுறதில்லை, ஆனா ஐசோசயனைடோட வேலை செய்றவங்களுக்கு பாதி வேலையே இதுதான். சிரிஞ்சு, ஊசி, பைப்பெட் முனை, துடைச்ச டிஷ்யூ எல்லாம் ஹூட்டுக்குள்ளயே ஒரு பீக்கர்ல போடுங்க. பீக்கர்ல மெத்தனால்ல 5 சதவீதம் எச்.சி.எல். இல்லேன்னா 5 சதவீதம் சல்ஃப்யூரிக் அமிலம். அமிலத்துல ஐசோசயனைடு தண்ணியைப் பிடிச்சு ஃபார்மமைடா மாறிடும், நாத்தம் போயிடும். கண்ணாடிச் சாமானை அதுலயே ராத்திரி ஊற வைங்க. டிஷ்யூவை வெளியில குப்பைத் தொட்டியில போட்டா மாடி முழுக்க சண்டைக்கு வருவாங்க.

ரோட்டாவேப்பும் பார்த்துக்கோங்க. டெர்ஷியரி பியூட்டைல் ஐசோசயனைடு 91 டிகிரியிலயே கொதிக்கும். மிச்சம் இருந்தா மெத்தனாலோட சேர்ந்து ரிசீவருக்குப் போகும், அங்கேருந்து பம்ப், அங்கேருந்து எல்லார் மூக்குக்கும். அதான் மேல சொன்ன 1.0 ஈக்விவலண்ட். சில பேர் வினை நல்லா போகட்டும்னு 1.5 போடுவாங்க, எனக்கு அது பிடிக்காது. ரிசீவர்ல சேர்ந்த மெத்தனாலையும் சிங்க்ல ஊத்தாம அந்த அமில பீக்கர்ல சேர்த்துட்டு வேஸ்ட் கேன்ல போடுங்க.

ஐசோசயனைடு பழசா இருந்தா ஐ.ஆர். எடுங்க. 2140 பக்கம் கூர்மையா ஒரு பட்டை வரணும். 1660–1680 பக்கம் கார்போனைல் தலை தூக்குச்சுன்னா ஃபார்மமைடா மாற ஆரம்பிச்சிருச்சு. மாஸ்ல 128.

---

சிலிக்கா60:

வொர்க்-அப் பற்றி மேலே விட்டுவிட்டேன். நேரே காலம் போடாதீர்கள். முதலில் குடுவையை 0 டிகிரியில் ஒரு மணி நேரம் வையுங்கள். உகி பொருள்கள் நிறைய மெத்தனாலிலேயே வெள்ளையாக விழும். விழுந்தால் வடிகட்டி, மிகக் குளிர்ந்த மெத்தனால் 1–2 மி.லி. விட்டுக் கழுவினால் காலமே தேவையில்லை.

விழாவிட்டால் மெத்தனாலை எடுத்துவிட்டு எத்தில் அசிட்டேட் 25 மி.லி.யில் கரையுங்கள். 1 மோலார் எச்.சி.எல். 10 மி.லி. இரண்டு முறை: மிச்ச அமீன் போகும், 323 மாதிரி காரத்தன்மை உள்ள பொருள் இருந்தால் அதுவும் போகும், இமின் உடையும். சாச்சுரேட்டட் சோடியம் பைகார்பனேட் இரண்டு முறை: அமிலம் போகும். இமின் உடைந்து வந்த ஆல்டிஹைடு இன்னும் எத்தில் அசிட்டேட்டில்தான் இருக்கும். அதற்கு 40 சதவீத சோடியம் பைசல்ஃபைட் ஒரு முறை. பிறகு உப்புத் தண்ணீர், சோடியம் சல்ஃபேட்.

பாசெரினி எஸ்டர் மட்டும் இதில் எதற்கும் அசையாது, நடுநிலைப் பொருள். பெரும்பாலும் உகி பொருளுக்குக் கொஞ்சம் மேலே ஓடும், சில சமயம் ஒட்டியே ஓடும். ஒட்டி ஓடினால் ஒரு குறுக்கு வழி: கலவையை மெத்தனாலில் பொட்டாசியம் கார்பனேட்டோடு ஓரிரு மணி நேரம் கலக்குங்கள். எஸ்டர் உடைந்து ஹைட்ராக்சி அமைடு ஆகும், டி.எல்.சி.யில் நன்றாகக் கீழே இறங்கிவிடும். உகி பொருளின் அமைடு பிணைப்புகள் அசையாது. கைரல் அமீனோ கைரல் அமிலமோ பயன்படுத்துகிறவர்கள் இதைச் செய்ய வேண்டாம். நடுவிலுள்ள சி-எச் காரத்தில் புரளும், டயாஸ்டிரியோமர் (ஒன்றுக்கொன்று ஆடிப் பிம்பம் அல்லாத வடிவங்கள்) விகிதம் கெட்டுவிடும்.

---

டியூட்டரோ:

என்.எம்.ஆர். விஷயம். "இரண்டிரண்டாக" என்பதில் இரண்டு வேறு சங்கதிகள் கலந்திருக்கின்றன, பிரித்துப் பாருங்கள்.

பென்சைல் சி.எச்.2 உங்களுக்கு 4.5–4.7 பி.பி.எம். பக்கம் இரண்டு டப்ளெட்டாக வருகிறதா? இரண்டிலும் ஜே மதிப்பு 17 ஹெர்ட்ஸ் அளவில் இருந்தால் அது அசுத்தமும் இல்லை, ரோட்டமரும் (பிணைப்பு மெதுவாகச் சுழல்வதால் ஒரே மூலக்கூறு எடுக்கும் இரண்டு வடிவம்) இல்லை. உங்கள் பொருளில் ஒரு கைரல் கார்பன் இருக்கிறது. பக்கத்திலுள்ள சி.எச்.2-இன் இரண்டு புரோட்டானும் ஒன்றுக்கொன்று சமமில்லை, ஒன்றையொன்று பிளக்கின்றன. அப்படித்தான் வர வேண்டும். ஒற்றைச் சிங்கிளெட்டாக வந்திருந்தால்தான் நான் சந்தேகப்படுவேன். கார்பன் என்.எம்.ஆரிலும் இதே. சைக்ளோஹெக்சைலின் சமச்சீரான இரண்டு சி.எச்.2-உம் 32–33 பி.பி.எம்.மில் ஒட்டி ஒட்டி இரண்டு கோடாக வரும்.

ஆனால் நடுக் கார்பனின் சி-எச் (6 பி.பி.எம். பக்கம் வரும் சிங்கிளெட்), அசிட்டைல் மெத்தில் (2.1 பக்கம்) இவையே பெரிது ஒன்று சிறிது ஒன்று என இரண்டாக வந்தால், அது ரோட்டமராகவும் இருக்கலாம், அசுத்தமாகவும் இருக்கலாம். மூன்றாம்நிலை அமைடில் கார்பன்-நைட்ரஜன் பிணைப்பு அறை வெப்பநிலையில் மெதுவாகத்தான் சுழலும். உகி பொருளில் இது சாதாரணம்.

எப்படிப் பிரித்தறிவது? மலிவான வழி முதலில்: அதே மாதிரியை டி.எம்.எஸ்.ஓ.-டி6-இல் எடுங்கள். பெரிது-சிறிது விகிதம் மாறினால் ரோட்டமர். அசுத்தத்தின் விகிதம் கரைப்பானைப் பார்த்து மாறாது. அடுத்தது வெப்பநிலை: டி.எம்.எஸ்.ஓ.-டி6-இல் 25, 60, 90 டிகிரி. ரோட்டமர் என்றால் இரண்டு பீக்கும் அகன்று, நெருங்கி, ஒன்றாகும். ஆறிய பிறகு மறுபடி 25-இல் எடுத்து, பழையபடி இரண்டாகிறதா என்று பாருங்கள். ஆகாவிட்டால் பொருள் சூட்டில் மாறிவிட்டது என்று அர்த்தம். இந்தக் கடைசி ஸ்பெக்ட்ரத்தைப் பலரும் எடுப்பதில்லை, ரெஃப்ரி கேட்டால் மாட்டிக்கொள்வார்கள். குளோரோஃபார்ம்-டியில் இந்தச் சோதனை வேண்டாம், அதன் கொதிநிலையே 61.

இன்னொரு வழி நோயெசி என்ற இருபரிமாண என்.எம்.ஆர். ஒன்றுக்கொன்று மாறும் ரோட்டமர் பீக்குகளுக்கு இடையே வரும் குறுக்குப் பீக், மூலைவிட்டப் பீக்கின் அதே குறியில் இருக்கும். இந்த அளவு சிறிய மூலக்கூறில் சாதாரண என்.ஓ.இ. பீக் எதிர்க் குறியில் வரும். வித்தியாசம் நிறத்திலேயே தெரியும்.

கைரல் கூறு சேர்த்துச் செய்தால் இரட்டைப் பீக் டயாஸ்டிரியோமராக இருக்கலாம். அது எவ்வளவு சூடாக்கினாலும் ஒன்றாகாது. உகி வினையில் பக்கத் தேர்வு பொதுவாக மோசம், 1:1-க்குப் பக்கத்தில் வந்தால் ஆச்சரியப்பட வேண்டாம்.

---

பென்சைல்07:

மிக்க நன்றி. பென்சைல் சி.எச்.2 இரண்டு டப்ளெட், ஜே 17.6. அது தீர்ந்தது. மெத்தில் பீக்கை டி.எம்.எஸ்.ஓ.வில் பார்க்கிறேன். பாட்டில் கழுத்திலும் படிகம் இருக்கிறது.

அடுத்து இதே முறையை ஐசோபியூட்டிரால்டிஹைடு, சைக்ளோஹெக்சனோன், பாரா-நைட்ரோ அனிலின், பாராஃபார்மால்டிஹைடு இவற்றுக்கு விரிக்க வேண்டும். அமிலத்துக்குப் பதில் ட்ரைமெத்தில்சிலைல் அசைடு போட்டு டெட்ராசோல் செய்யும் திட்டமும் இருக்கிறது. இதிலெல்லாம் ஒரே நெறிமுறை போதுமா? கேட்டலிஸ்ட், மைக்ரோவேவ் பற்றியும் சொல்லுங்கள்.

---

நெடுங்குடுவை:

போதாது. ஒவ்வொன்றும் ஒரு விதம்.

ஐசோபியூட்டிரால்டிஹைடு: பென்சால்டிஹைடைவிட வேகமாகக் காற்றில் கெடும். அன்றன்றைக்கு வடித்துக்கொள்ளுங்கள், கொதிநிலை 63 டிகிரிதான். கெட்டதைப் போட்டால் ஐசோபியூட்டிரிக் அமிலம் உங்கள் அமிலத்தோடு போட்டியிட்டு, 427 கதை இங்கேயும் நடக்கும். இமின் நொடியில் ஆகும், ஆனால் அதை மணிக்கணக்கில் விடக்கூடாது. பக்கத்தில் ஆல்ஃபா ஹைட்ரஜன் இருப்பதால் ஈனமீனாகப் புரண்டு, தன்னோடு தானே சேர ஆரம்பிக்கும். 0 டிகிரியில் 15–20 நிமிடம், உடனே அமிலம், ஐசோசயனைடு.

சைக்ளோஹெக்சனோன்: கீட்டோன்களில் இது சாது. கீட்டோன் 1.2 ஈக்விவலண்ட், மெத்தனால் 1.5–2 மோலார் வரும்படி, 3 ஆங்ஸ்ட்ராம் மாலிகுலர் சீவ், அமீனோடு 2–3 மணி நேரம், பிறகு மற்றவை, 24–48 மணி நேரம். சீவ் 3 ஆங்ஸ்ட்ராம் என்பதைக் கவனியுங்கள். 4 ஆங்ஸ்ட்ராம் போட்டால் துளைக்குள் மெத்தனாலும் நுழைந்து இடத்தை அடைத்துக்கொள்ளும். பொடி சீவ் கொஞ்சம் காரத்தன்மை உள்ளது, கைநிறைய அள்ளிப் போட்டால் அமிலத்தை விழுங்கும். அசிட்டோஃபீனோன் மாதிரி அரோமாட்டிக் கீட்டோனை முதல் பட்டியலில் சேர்க்காதீர்கள், நேரம்தான் வீண்.

பாரா-நைட்ரோ அனிலின்: நைட்ரஜனில் உயிரே இல்லை, இமின் அரைகுறையாக நிற்கும். அரைகுறை இமின் என்றால் மிச்சம் பாசெரினிக்குப் போகும். இங்கேதான் ட்ரைஃப்ளூரோ எத்தனால் உதவும். இமினுக்கு ஹைட்ரஜன் பிணைப்பால் ஊக்கம் தருகிறது, ஆனால் நைட்ரிலியத்தைத் தாக்கும் அளவுக்கு நியூக்ளியோஃபைல் இல்லை. விலை அதிகம், எல்லாவற்றுக்கும் ஊற்ற வேண்டாம். 40–50 டிகிரி. இமின் ஆனதை என்.எம்.ஆரில் உறுதி செய்யாமல் ஐசோசயனைடை வீணாக்காதீர்கள். டி.சி.எம்.மை (டைகுளோரோமீத்தேன்) இந்தப் பட்டியலில் எதற்கும் எடுக்க வேண்டாம், அது பாசெரினிக்குப் பிடித்த கரைப்பான்.

பாராஃபார்மால்டிஹைடு: பொடியை அமீனோடு மெத்தனாலில் 50–60 டிகிரியில் தெளியும் வரை சூடாக்கி, ஆறிய பிறகு மற்ற இரண்டு. கலங்கலாக இருக்கும்போதே சேர்த்தால் பாலிமர் மிச்சம் நின்று விளைச்சல் விழும். இந்தக் கூறுக்கு நல்ல வரலாறு உண்டு. ஈவார் உகி 1959-இல் வினையை வெளியிட்டபோதே டைஎத்திலமீன், ஃபார்மால்டிஹைடு, 2,6-டைமெத்தில்ஃபினைல் ஐசோசயனைடு மூன்றிலிருந்து ஒரே படியில் லிடோகெயின் செய்தார். அதில் கார்பாக்சிலிக் அமிலம் கிடையாது, நைட்ரிலியத்தைத் தண்ணீர் பிடித்துக்கொள்கிறது. பென்சைல் வினையில் 323 என்று நாம் விரட்டும் அதே வழிதான் அங்கே பொருளைத் தருகிறது.

பிராசிகுவான்டெல் இன்னொன்று. நத்தைக் காய்ச்சல் எனப்படும் சிஸ்டோசோமியாசிஸ் நோய்க்கு உலகமெங்கும் கொடுக்கும் மாத்திரை. 2010-இல் டோம்லிங் குழு இதை இரண்டே படியில் செய்தது: பாராஃபார்மால்டிஹைடு, அமினோஅசிட்டால்டிஹைடு டைமெத்தில் அசிட்டால், சைக்ளோஹெக்சேன் கார்பாக்சிலிக் அமிலம், ஃபெனெத்தில் ஐசோசயனைடு நான்கையும் உகி வினையில் கோத்து, அடுத்து மெத்தேன்சல்ஃபோனிக் அமிலத்தில் பிக்டெட்-ஸ்பெங்லர் வளைய மூடல். ஒவ்வொரு கூறும் இரண்டாம் படிக்குத் தேவையானதை முன்பே சுமந்து வருகிறது. அசிட்டால், உரித்தால் ஆல்டிஹைடு. ஃபெனெத்தில், அந்த ஆல்டிஹைடைப் பிடிக்கும் வளையம். உகி வினையை வெறும் டைஅமைடு செய்ய வைத்துக்கொண்டிருப்பவர்கள் இந்த ஒரு திட்டத்தையாவது தாளில் வரைந்து பார்க்க வேண்டும். இப்படி அசிட்டால், பாக் (அமீனை மூடிவைக்கும் காப்புத் தொகுதி) மாதிரி அமிலத்தில் உரியும் தொகுதி இருக்கும்போது மேலே சொன்ன 1 மோலார் எச்.சி.எல். கழுவல் கூடாது. 5 சதவீத சிட்ரிக் அமிலம், அதுவும் சீக்கிரம்.

கேட்டலிஸ்ட்: பென்சால்டிஹைடு, பென்சைலமீன் மாதிரி எளிய கூறுகளுக்குத் தேவையே இல்லை. அமிலம் என்ற கூறே கேட்டலிஸ்ட் வேலையையும் பார்க்கிறது. ஏதாவது ஒரு உலோக உப்பு, ஏதாவது ஒரு நானோ பொடி போட்டு 92 சதவீதம் என்று பேப்பர் வந்தபடி இருக்கிறது. கேட்டலிஸ்ட் போடாமல் அதே 1 மோலாரில் என்ன வந்தது என்ற வரியை முதலில் தேடுங்கள். இல்லையென்றால் பக்கத்தைத் திருப்பிவிடலாம்.

மைக்ரோவேவ்: கீட்டோனுக்கும் பருத்த அமீனுக்கும் பயன் உண்டு. மூடிய வயலில் மெத்தனால் 100 டிகிரியில் 3.5 பார் அளவுக்கு அழுத்தம் தரும், வயல் தாங்குமா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

---

சிலிக்கா60:

மைக்ரோவேவில் நான் அவ்வளவு தாராளம் காட்ட மாட்டேன். கார்பாக்சிலிக் அமிலமும் ஐசோசயனைடும் இமின் இல்லாமலேயே சூட்டில் சேரும். 150 டிகிரி மைக்ரோவேவில் அது என்-ஃபார்மைல் அமைடு செய்யும் முறையாகவே இருக்கிறது. 100-இல் அந்த அளவு இருக்காது, ஆனால் இமின் மெதுவாக ஆகும் கீட்டோனில் இது போட்டிக்கு வரும். சூடாக்கத்தான் வேண்டும் என்றால் கீட்டோனையும் அமீனையும் மட்டும் சூடாக்குங்கள். ஆறவிட்டு மற்ற இரண்டையும் 40–50 டிகிரியில் சேருங்கள்.

---

நெடுங்குடுவை:

இமின் படியை மட்டும் சூடாக்குவது ஒப்புக்கொள்கிறேன். பருத்த அமீனுக்கு மட்டும் 60–70 வரை முழு வினையையும் சூடாக்கிப் பார்ப்பதில் தவறில்லை. எல்.சி.எம்.எஸ்.ஸில் ஃபார்மமைடு ஏறுகிறதா என்று அரை மணிக்கு ஒரு தரம் பாருங்கள்.

---

ஹூட்பக்கம்:

அசைடுன்னு எழுதினதைப் பார்த்துட்டு இதைச் சொல்லாம போக முடியல. நாத்தத்துக்காக நான் மேல சொன்ன அமில பீக்கரை டெட்ராசோல் ரியாக்‌ஷனுக்குப் பயன்படுத்தவே கூடாது. ட்ரைமெத்தில்சிலைல் அசைடு மெத்தனால்ல போனதுமே ஹைட்ராசோயிக் அமிலம் உருவாகுது, ரியாக்‌ஷன் நடக்குறதே அதாலதான். மிச்சம் இருக்கிற அசைடு மேல அமிலம் ஊத்தினா அது இன்னும் வரும். 37 டிகிரியிலயே கொதிக்கிற பொருள், விஷம், அடர்த்தியா சேர்ந்தா வெடிக்கும்.

டெட்ராசோலுக்கு வரிசை இதுதான். ரியாக்‌ஷன் முடிஞ்சதும் ரோட்டாவேப்புக்குப் போகாதீங்க, அமிலமும் வேண்டாம். முதல்ல சாச்சுரேட்டட் சோடியம் கார்பனேட் விட்டு பி.எச். 9-க்கு மேல கொண்டு போங்க. எத்தில் அசிட்டேட்ல எடுங்க. கார அடுக்கை இன்னொரு தரம் கழுவிட்டா அசைடு தண்ணியில அசைடு அயனியா நிக்கும். எத்தில் அசிட்டேட் அடுக்கை இன்னும் ரெண்டு தரம் காரத்தால கழுவின பிறகுதான் ரோட்டாவேப். தண்ணி அடுக்கை காரமாவே, "அசைடு" னு எழுதித் தனிக் கேன்ல வைங்க, அமில வேஸ்ட்டோட சேரவே கூடாது. ஐசோசயனைடு பட்ட சாமானையும் முதல்ல கார்பனேட்ல அலசி, அந்தத் தண்ணியை அந்தக் கேன்ல விட்டு, அதுக்கப்புறம்தான் அமில மெத்தனால்.

எத்தில் அசிட்டேட்னு சொன்னேன், டி.சி.எம்.னு சொல்லலை. அசைடும் டி.சி.எம்.மும் சேர்ந்தா டைஅசிடோமீத்தேன் வரலாம், அதுவும் வெடிக்கும். குளோரோஃபார்மும் அப்படித்தான். உலோக ஸ்பேட்டுலா வேண்டாம், பிளாஸ்டிக் எடுங்க. முதல் தரம் 1 மில்லிமோலுக்கு மேல போகாதீங்க, ஹூட் கண்ணாடியை முழுக்க இறக்கி வைங்க.